இரஞ்சிதம் மறுத்த தூக்கம்

தில்லையடியில் பஸீனா பத்திலிருந்து ஒன்றுவரை இறங்குமுகமாக எண்ணி முடித்தபோது, எதிரே சாய்வுக் கதிரையில் இருந்த இரஞ்சிதத்தைத் தவிர அந்தக் கட்டடத்தில் இருந்த பதினொரு பேரும் தூங்கிப்போனார்கள். அது பெப்ரவரி மாதத்து முதலாவது புதன்கிழமை. மணி பத்து இருபது. சந்தையில் அன்று பாரை மீன் வரவில்லை. கீழே பார்மசிக்காரர் மாத்திரை அட்டையை ஒரு கையிலும் கத்தரிக்கோலை மறு கையிலும் பிடித்தபடி தூங்கினார். அவரிடம் மருந்துக்கு நின்ற நான்கு பேரும் வரிசை குலையாமல் தரையில் குந்தித் தூங்கினார்கள். பக்கத்துத் தையல் கடையில் மூன்று பேர், மெசினில் தலைவைத்து. மாடியில் வரவேற்பு மேசைக்குப் பொறுப்பான நஸ்ஹா, மர வாங்கில் காத்திருந்த இரஞ்சிதத்தின் தம்பி இராசையா. பதினோராவது ஆள் பஸீனா. இருபது நிமிடம் கழித்து அவள் கண் விழித்தபோது இரஞ்சிதம் இமை கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நித்திரையா மிஸ்?" என்று கேட்டாள். கேட்ட குரலில் சிரிப்பு இல்லை.

பஸீனாவுக்கு அது பெரிய அவமானம். பதினொரு வருடம் பாடசாலையில் மாணவ ஆலோசகராக இருந்து, அதை விட்டுவிட்டு, இரண்டு வருடம் சனி ஞாயிறுகளில் கொழும்புக்குப் பஸ் ஏறிப் படித்து வந்த தொழில் அது. வாசலில் 'அறிதுயில் சிகிச்சை நிலையம்' என்று பலகை போட்டபோது யாருக்கும் விளங்கவில்லை. அதற்குக் கீழே 'ஹிப்னோதெரபி' என்று எழுதியபோது விளங்கியவர்களுக்குக் கோபம் வந்தது. சிலர் இது சிஹ்ர், சூனியம் என்றார்கள். சிலர் தொலைக்காட்சியில் ஆளைக் கோழிபோலக் கத்தவைக்கும் வித்தை என்றார்கள். அவளிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப்பேர், தங்களை யாராலும் மயக்க முடியாது என்று நிரூபிக்கவே வந்தார்கள். சிகரெட்டை விடவேண்டும் என்று மனைவி இழுத்துவந்த பேக்கரி முதலாளி, இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, செய்து பார் என்கிற மாதிரி இருந்தார். அவரிடம் பஸீனா, மயங்கவே வேண்டாம், முழித்தே இருங்கள், எவ்வளவு நேரம் முழித்திருக்க ஏலும் என்று பார்ப்போம் என்றாள். ஆறாவது நிமிடத்தில் அவர் குறட்டை விட்டார். கல்பிட்டியிலிருந்து வந்த கணித ஆசிரியர் மூன்று அமர்வு முழுக்க வாதாடினார். நான்காவதில், தன் வாதத்தைத் தானே கேட்கச் சலித்து உறங்கிப்போனார். தாய் கூட்டிவந்த ஒரு கலியாணப் பெண் தூங்குவதுபோல் நடித்தாள். நடிக்கட்டும் என்று பஸீனா விட்டுவிட்டாள். நடிப்பதும் களைப்பான வேலைதான். ஆலங்குடாவில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் காற்றோடு சண்டை பிடிப்பதில்லை, காற்றைக்கொண்டே போகிறார்கள். எதிர்க்கிற ஆளையும் அப்படித்தான், அவர் தள்ளுகிற பக்கமே கூடப் போகவேண்டும் என்பது அவள் வைத்திருந்த கணக்கு. ஆறு வருடத்தில் அந்தக் கணக்கு ஒருமுறையும் பிழையாகவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இரஞ்சிதம் உடப்பைச் சேர்ந்தவள். ஐம்பத்திரண்டு வயது. மூன்று வருடமும் இரண்டு மாதமுமாக அவள் தூங்கவில்லை. குறைவாகத் தூங்கினாள் என்பதல்ல, தூங்கவே இல்லை. சிலாபத்து டொக்டர் கொடுத்த மாத்திரைகளை அவள் விழுங்கியபோது, தம்பி வீட்டுக் கோழிகள் இரண்டு நாள் எழும்பாமல் கிடந்தன. அதன்பிறகு டொக்டர் மாத்திரை எழுதுவதை நிறுத்திவிட்டார். அவளுடைய ஒரே மகன் தனஞ்சயன், கடல்நீர்க் களப்பு ஓரத்தில் இருந்த ஐஸ் தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்க்கும் வேலையில் இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை இயந்திர அறைக்குள் போனவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருபத்துநான்கு வயது. நெஞ்சு வருத்தம், இருதய நோய் என்று கம்பனி எழுதியது. கம்பனி எழுதியதையே மற்றவர்களும் எழுதினார்கள். குழாயில் அமோனியா கசிகிறது என்று தான் புத்தகத்தில் எழுதிவைத்திருப்பதாக மகன் வீட்டில் சொல்லியிருந்தான். அந்தப் புத்தகத்தை எடுங்கள் என்று இரஞ்சிதம் விசாரணையில் கேட்டாள். அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று கம்பனி சொன்னது. பிறகு விசாரணைக் கோப்பும் காணாமல் போனது. மகன் செத்த கிழமையிலிருந்தே அவள் தம்பி இராசையாவின் வீட்டில் தங்கி, காலை எட்டு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொழிற்சாலை வாசலில் போட்டு இருப்பாள். மாலை ஐந்து மணிக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு திரும்புவாள். கத்துவதில்லை, பதாகை பிடிப்பதில்லை. உள்ளே போகிற வருகிற ஒவ்வொருவரையும் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையால் மூன்று காவலாளிகள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

இதில் பாதிக்கு மேல் அப்போது பஸீனாவுக்குத் தெரியாது. மகனை இழந்த தாய், தூக்கமில்லை, சிகிச்சையில் நம்பிக்கையில்லை என்று மட்டும்தான் இராசையா சொல்லியிருந்தான். அதே தொழிற்சாலையின் ஐஸ் லொறியைத்தான் தான் ஓட்டுவதாக அவன் சொல்லவில்லை. பஸீனா தன் குறிப்பேட்டில், 'நோக்கம்: கோபத்தைத் தணித்தல்' என்று எழுதினாள்.

இரண்டாவது புதன்கிழமை அவள் முறையை மாற்றினாள். கண்ணை மூடவேண்டாம், என்னை நம்பவும் வேண்டாம், சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள் என்றாள். இரஞ்சிதம் புள்ளியைப் பார்த்தாள். அந்தத் தெரு முழுவதும் தூங்கியது. முச்சக்கர வண்டிக்காரர்கள் ஓரங்கட்டிவிட்டுக் கைப்பிடியில் சாய்ந்தார்கள். பாண் வண்டியின் பாட்டு மட்டும் முப்பது நிமிடம் நிற்காமல் ஒலித்தது. மூன்றாவது புதன்கிழமை, எண்ணுவதை நீங்களே எண்ணுங்கள் என்று பஸீனா விட்டுக்கொடுத்தாள். இரஞ்சிதம் பத்து என்று சொல்லி, அதோடு வாயை மூடிக்கொண்டாள். அந்த ஒரு எண்ணுக்கே தூக்கம் பிரதான வீதியைக் கடந்து போனது. கழுதைகள் நின்ற இடத்தில் நின்றபடி தூங்கின. பாடசாலையில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தூங்கியதால் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. தூக்கம் அவசரப்படாமல்தான் வந்தது. வாகனம் ஓட்டியவர்களுக்கு நிறுத்துவதற்கும், அடுப்பில் நின்றவர்களுக்கு நெருப்பைக் குறைப்பதற்கும் அவகாசம் கொடுத்தது. அதனால் ஒருவருக்கும் காயமில்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, வெக்கை என்று எழுதிக்கொண்டு போனார். ஒவ்வொரு முறையும் பஸீனாவும் தூங்கினாள். ஒவ்வொரு முறையும் விழிக்கும்போது அந்தப் பெண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரஞ்சிதத்துக்கென்று தான் அனுப்புகிற தூக்கத்தை அவள் வாங்க மறுக்கிறாள், மறுக்கப்பட்ட தூக்கம் போக்கிடம் தேடி ஊருக்குள் இறங்குகிறது என்பது பஸீனாவுக்கு விளங்கியது. விளங்கியபோது வந்தது ஆச்சரியமல்ல, எரிச்சல். இந்த மனுஷி என்ன அவ்வளவு பெரிய ஆளா என்று நஸ்ஹாவிடம் கத்தினாள். நஸ்ஹா கொட்டாவி விட்டாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு பாயிஸ் வந்தார். பாயிஸ் பஸீனாவின் மச்சான், அவளுடைய மூத்த சகோதரியான ராத்தாவைக் கட்டியவர். ஐஸ் தொழிற்சாலையின் முகாமையாளர். அந்த மாடியை அவளுக்குப் பிடித்துக் கொடுத்ததும், சிஹ்ர் என்று பேசியவர்களின் வாயைப் பள்ளிவாசலில் பேசி அடைத்ததும் அவர்தான். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இராசையாட ராத்தா வாறாதானே? நான்தான் அனுப்பின," என்றார். "மூணு வருசமா கேற்றடியில குந்திக்கிட்டு இரிக்கிறா பஸீனா. கொழும்பில இருந்து வாற ஆக்களுக்கு முகம் குடுக்க ஏலாம இரிக்கி. அவ ஒரு கடிதத்தில ஒப்பம் வெச்சாப் போதும், எல்லாம் முடிஞ்சி."

"என்ன கடிதம்?"

"மகன் வருத்தக்காரன், தனக்கு ஒரு முறைப்பாடும் இல்லண்டு. அதுக்குத்தான் உங்கட உதவி. தூக்கத்தில சொன்னா மனசுல பதியுமாமே. மகன் நெஞ்சு வருத்தத்தில மவுத்தானாண்டு பதிய வைங்க. அவவுக்கும் நிம்மதி. நன்மையான காரியம்தானே."

தூங்குகிற ஒருவரின் காதில் தான் இதுவரை சொன்ன வார்த்தைகள் எல்லாம் பஸீனாவுக்கு ஞாபகம் வந்தன. பயப்படத் தேவையில்லை, கையை விடுங்கள், பாரத்தை இறக்குங்கள். அதே குரலில், அதே நிதானத்தில், ஒரு தாயின் தலைக்குள் ஒரு பொய்யை வைக்கச் சொல்லி இந்த மனிதர் மின்விசிறிக் காற்று வாங்கிக்கொண்டு கேட்கிறார்.

"அவன் என்னத்துல மவுத்தானான், மச்சான்?"

பாயிஸ் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "அது முடிஞ்ச கதை."

"எனக்கு முடியல்ல."

"இந்த மாடி யாரால கிடைச்சிண்டு நெனச்சிப் பாருங்க," என்றார் பாயிஸ் எழும்பிக்கொண்டே. சத்தம் போடவில்லை. "புதன்கிழம ஊரே தூங்குது, அது உங்களாலண்டு கொஞ்சப் பேர் கதைக்கிறாங்க. நான் நம்பல்ல, வெக்கைண்டுதான் சொல்லிக்கிட்டு இரிக்கன். நான் சொல்லாம விட்டா என்ன ஆகும்ண்டு யோசிங்க."

அவர் போனதும் பஸீனா குறிப்பேட்டை எடுத்து, தான் எழுதிய நோக்கத்தின் மேல் பேனையால் கோடு போட்டாள். ஒரு கோடு போதவில்லை. தாள் கிழிந்து, அடுத்த தாளும் கிழிந்து, பேனை மேசைப் பலகையில் ஒரு விரல் ஆழத்துக்கு இறங்கியது. அந்தத் தழும்பை இப்போதும் பார்க்கலாம். ஒரு தாயின் கோபத்தை மூன்று வாரமாக நோய் என்று எழுதி, அதைத் தணிக்கப் பாடுபட்டிருக்கிறேன் என்ற எண்ணம் அவளை இருக்கவிடவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். மூன்று மணி வெயிலில் இரஞ்சிதம் தன் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். பஸீனா வெறும் மணலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, பாயிஸ் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் தன் மச்சான் என்பதையும் சொன்னாள்.

இரஞ்சிதம் முழுவதையும் கேட்டாள். "தம்பிதான் கூட்டிக்கொண்டு வந்தவன். ஆர் அனுப்பினதெண்டு எனக்கு முதல் நாளே தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சா ஏனக்கா வந்தீங்க?"

"நீ என்ன செய்வாயெண்டு பாக்க வந்தன். என்னைத் தூங்கப்பண்ண ஆரும் வரட்டும். எனக்கு இன்னும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான், தங்கச்சி. தூங்கி எழும்பினா புதன்கிழமையாயிரும். பிறகு வியாழன். பிறகு எல்லாரும் சொல்ற மாதிரி, காலம் போயிட்டுது எண்டு நானும் சொல்லுவன். என்ர பிள்ளை செத்த நாளை விட்டுட்டு நான் ஏன் அடுத்த நாளுக்குப் போகோணும்? அவங்கள் போகட்டும்."

கேற்றுக்குப் பின்னால் ஐஸ் பாளங்கள் லொறியில் ஏறும் சத்தம் கேட்டது. பஸீனா தூரத்தைக் கண்ணால் அளந்தாள். நிலையத்திலிருந்து இந்த வாசலுக்கு ஒன்றரை மைல். போன புதன்கிழமை தூக்கம் உப்பளத்தின் ஓரம்வரை வந்திருந்தது. இன்னும் அரை மைல்தான்.

"அந்தப் புத்தகம் உள்ளுக்குள்ள இரிக்கிமா அக்கா?"

"எரிச்சிருப்பாங்கள் எண்டு எல்லாரும் சொல்றாங்கள். நான் நம்பேல்லை. அவங்களுக்கு என்னில பயமில்லை, பிறகு ஏன் எரிக்கப் போறாங்கள்?"

நான்காவது புதன்கிழமை பத்து மணிக்கு பஸீனா நிலையத்தின் ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவைத்தாள். நஸ்ஹாவை வீட்டுக்கு அனுப்பினாள். இராசையா தன் லொறியில் ஐஸ் ஏற்றப் போயிருந்தான். இரஞ்சிதம் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். பஸீனா எண்ணத் தொடங்கினாள். பத்து. உங்கள் கண்கள் பாரமாகின்றன. ஒன்பது. உங்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அவள் வேண்டுமென்றே, பாயிஸ் கேட்ட வார்த்தைகளையே ஒவ்வொன்றாகச் சொன்னாள், இரஞ்சிதம் முழுப் பலத்தோடும் மறுக்கவேண்டும் என்பதற்காக. எட்டு. உங்கள் மகன் வருத்தக்காரன். இரஞ்சிதத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. ஏழு. அவன் நெஞ்சு வருத்தத்தில் இறந்தான். கதிரையின் கைப்பிடி அவள் பிடியில் இரண்டாகப் பிளந்தது. ஆறு என்றபோது தெருச் சத்தம் நின்றது. நான்கில் வீதியில் பஸ்கள் நின்றன. இரண்டில் உப்பளத்தில் வேலை செய்தவர்கள் உப்புக் குவியல்களின் மேல் சரிந்தார்கள். ஒன்று என்றபோது பஸீனா தன் வாயிலிருந்து வந்த சொற்களில் ஒன்றைக்கூடத் தான் நம்பவில்லை என்பதை உணர்ந்தாள். தூக்கம் வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. இடமில்லை என்று கண்டு விலகிப் போனது. அவள் அவ்வளவு கோபமாக இருந்தாள்.

ஸ்கூட்டியில் இரண்டு பேரும் போனார்கள். ஊர் முழுவதும் ஒரே மூச்சாக மூச்சு விட்டது. சந்தியில் பொலிஸ்காரர் கையை நீட்டியபடி தூங்கினார். சாப்பாட்டுக் கடை வாசலில் ஒருவர் வாயில் பாதி ரொட்டியோடு சாய்ந்திருந்தார். களப்பில் தோணிகள் கட்டிய இடத்தில் ஆடாமல் நின்றன. காற்றாலைகள் மட்டும் அவற்றின் பாட்டில் சுற்றின. இரஞ்சிதம் பின்னால் இருந்து எதையும் பார்க்கவில்லை. தொழிற்சாலைக் கேற்றில் காவலாளி நாடியைத் தடியில் ஊன்றித் தூங்கினான். மூன்று வருடமும் இரண்டு மாதமும் வாசலில் இருந்தவள் அவனைத் தாண்டி உள்ளே காலை வைத்தாள். அமோனியாவின் காரம் மூக்கில் ஏறியது. முற்றத்தில் தொழிலாளர்கள் ஈரத் தரையிலும் சாக்கிலுமாகக் கிடந்தார்கள். இராசையா லொறியின் ஸ்டியரிங்கில் கன்னத்தை வைத்திருந்தான். இரஞ்சிதம் அவனைத் தாண்டிப் போனாள். போகும்போது, ஐஸ் பாளம் இழுக்கிற இரும்புக் கொக்கி ஒன்றைத் தரையிலிருந்து எடுத்தாள்.

பாயிஸ் தன் அறையில், கையில் போனைப் பிடித்தபடி, தலையைப் பின்னால் தொங்கவிட்டுத் தூங்கினார். தொண்டை திறந்து கிடந்தது. இரஞ்சிதம் மேசையைச் சுற்றிப் போய் அவருக்கு மேலே நின்றாள். கொக்கி அவள் கையில் அசையாமல் இருந்தது. பஸீனா கதவில் நின்றாள். தன் ராத்தாவின் புருஷன். ராத்தாவின் மூன்று பிள்ளைகளின் வாப்பா.

"இப்ப சொல்லு தங்கச்சி," என்றாள் இரஞ்சிதம் திரும்பாமலே. "அந்தக் குரலில சொல்லு. கோபத்தை விடுங்கோ, கையை இறக்குங்கோ எண்டு சொல்லு. கேப்பம்."

"கோபத்த விடச் சொல்ல மாட்டன்," என்றாள் பஸீனா. "ஒருநாளும் சொல்ல மாட்டன். ஆனா அக்கா, இவரு தூங்கிக்கிட்டே போனா இவருக்கு ஒண்டும் தெரியாம போயிரும். உங்கட மகன் முழிச்சிருந்து, தெரிஞ்சிதானே மவுத்தானான்."

இரஞ்சிதம் கொக்கியை உயர்த்தி, திரும்பி, பின்சுவரில் நின்ற இரும்பு அலுமாரியின் பூட்டில் இறக்கினாள். மூன்றாவது அடியில் பூட்டு விழுந்தது. இரண்டாவது தட்டில், பழைய கலண்டர்களுக்குக் கீழே, பச்சை மட்டை போட்ட பராமரிப்புப் புத்தகம் இருந்தது. ஒளித்துவைக்கக்கூட யாரும் சிரமப்படவில்லை.

மகனின் கையெழுத்தை இரஞ்சிதம் நின்றபடியே வாசித்தாள். குழாயில் கசிவு, வால்வு மாற்றவும் என்று ஒருமுறை. பதினொரு நாள் கழித்து அதே வசனம் மறுபடியும். பிறகு ஒரு திங்கட்கிழமைத் திகதியில், மூன்றாம் முறை எழுதுகிறேன், நேற்று இரண்டு பேர் மயங்கினார்கள், வால்வு மாற்றும் வரை நான் உள்ளே போகமாட்டேன். அதற்குக் கீழே வேறு மையில் ஒரு வரி இருந்தது. உள்ளே போகாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரத் தேவையில்லை. பாயிஸின் ஒப்பம். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

பஸீனா ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்தாள். எடுத்ததைத் தொழில் திணைக்களத்துக்கும், தன் பழைய மாணவனான ஒரு சட்டத்தரணிக்கும், பஸார் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுமத்துக்கும் அனுப்பினாள். பிறகு, போவோம் அக்கா என்றாள். இரஞ்சிதம் போகவில்லை. பாயிஸுக்கு எதிரே இருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். புத்தகத்தை அவர் பக்கமாகத் திருப்பி விரித்து வைத்தாள். அவர் தானாக எழும்பும் வரை, பத்தொன்பது நிமிடம், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழும்பி முதலில் புத்தகத்தைப் பார்த்தார். "எப்படி உள்ளுக்கு வந்தீங்க?"

"நடந்து," என்றாள் இரஞ்சிதம். "வாசியுங்கோ."

"இது சட்டப்படி—"

"சத்தமா வாசியுங்கோ. எனக்கு எழுத்துத் தெரியும். உங்கட வாயால கேக்கோணும்."

முற்றத்தில் எழும்பிய தொழிலாளர்கள் அறைவாசலில் கூடிவிட்டார்கள். பாயிஸ் அவர்களைப் பார்த்தார், பஸீனாவைப் பார்த்தார். அவளிடம் தாட்சணியம் இருக்கவில்லை. தனஞ்சயனின் வரிகளை அவர் வாசித்தார். தன் வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"மிச்சத்தையும் வாசிங்க மச்சான்," என்றாள் பஸீனா.

வாசித்தார். வாசலில் நின்றவர்களில் ஒருவன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நிலத்தில் எறிந்தான். இராசையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அழுதிருந்தான்.

"அந்தப் புத்தகம் இருக்கெண்டு எனக்குத் தெரியும் அக்கா. எனக்கு ரெண்டு பிள்ளையள். பயந்துட்டன்."

"உனக்குத் தெரியுமெண்டு எனக்குத் தெரியும்," என்றாள் இரஞ்சிதம். "மூண்டு வருசமா உன்ர வீட்டில சோறு திண்டனான். நீ சொல்லுவாய் எண்டுதான் தினமும் உன்ர முகத்தைப் பாத்தனான்." அதற்குமேல் அவனோடு அவள் கதைக்கவில்லை. அன்று பின்னேரமே தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு பஸீனா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பொலிசார் கெமராப் பதிவுகளைப் பார்த்தார்கள். கெமராக்கள் தூங்கியிருக்கவில்லை. எல்லோரும் தூங்குகிற ஒரு ஊரில் இரண்டு பெண்கள் நடந்துபோவது அதில் தெளிவாக இருந்தது. அலுமாரிப் பூட்டை உடைத்ததற்கு வழக்குப் போடலாமா என்று யோசித்தார்கள். சாட்சி சொல்ல விழித்திருந்த ஒருவரும் இல்லாததால் கைவிட்டார்கள். தனஞ்சயனின் மரணச் சான்றிதழில் நெஞ்சு வருத்தத்தை வெட்டிவிட்டு அமோனியா வாயு என்று எழுத ஏழு மாதம் ஆனது. வால்வு ஒரே நாளில் மாற்றப்பட்டது. அதைக் கேட்டபோது இரஞ்சிதம் பஸீனாவின் குசினியில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுவரில் எறிந்து உடைத்தாள். பஸீனா தடுக்கவில்லை. அலுமாரியில் இருந்த தட்டுகளையும் எடுத்துக் கொடுத்தாள். பாயிஸ் பிணையில் வந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது, தவணைக்கு மேல் தவணையாக. ராத்தா பஸீனாவோடு கதைப்பதில்லை. பெருநாளுக்குக்கூட அங்கிருந்து இனிப்பு வட்டிலப்பம் வருவதில்லை. மாடி கைவிட்டுப் போனது. பஸீனா தன் வீட்டு முன்னறையில் பலகையைக் கொளுவினாள். நம்பாதவர்கள் இப்போதும் வந்து நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: உங்களை யார் அனுப்பினார்கள்?

இரஞ்சிதம் தூங்கவில்லை. அவளுக்கு இன்னும் அதே செவ்வாய்க்கிழமைதான். ஆனால் புதன்கிழமைகளில் பத்து மணிக்கு அவள் பஸீனாவுக்கு எதிரே வந்து இருக்கிறாள். இனி எதற்கு என்று பஸீனா கேட்டபோது, "எண்ணு," என்றாள். அவள் எண்ணினாள், ஊர் தூங்கியது, இரஞ்சிதம் எழும்பி நடந்து போனாள். அன்று கச்சேரி அலுவலகத்தில் உத்தியோகத்தர்கள் விழித்தபோது, பன்னிரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த ஒரு காணிக் கோப்பு தூசி தட்டப்பட்டு மேசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் ஒன்று, அதற்கடுத்த கிழமை பொலிஸ் நிலையத்தில் இரண்டு. முறைப்பாட்டு இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு நுரைச்சோலையிலிருந்தும் கல்பிட்டியிலிருந்தும் ஆட்கள் செவ்வாய்க்கிழமைகளில் பஸீனா வீட்டுக்கு வருகிறார்கள். நஸ்ஹா வரிசை பார்க்கிறாள்.

ஊர் பழகிவிட்டது. புதன்கிழமை பத்து மணிக்குத் தேநீர்க் கடைக்காரர்கள் கேத்தலை இறக்கிவைக்கிறார்கள். பஸ்கள் நிழல் பார்த்து நிற்கின்றன. பிரசவத்துக்கு நாள் குறிக்கிற டொக்டர்கள் அந்த ஒரு மணித்தியாலத்தை விட்டுத்தான் குறிக்கிறார்கள். பதினொரு மணிக்கு எழும்புகிற உத்தியோகத்தர்கள் முகத்தைத் துடைத்துவிட்டு, மேசையில் மேலே இருக்கிற கோப்பை எடுத்து, அது எப்படி வந்தது என்று யாரிடமும் கேட்காமல் திறந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள்.